பூட்டிய காம்பராவும் கட்டிய நாயும்

தோட்டத் தொழிலாளியின் நாய்க்குப் பகல் வேளையில் ஒரு காப்பிடம் வேண்டும் என ஒருவர் கூறுவாராயின், அவரைப் பார்த்து முதலில் நகைப்பவர் தோட்டத்துத் துரை அல்லர். பல்கலைக்கழகத்திற் கற்றவரே ஆவர். அந்நகைப்பின் பின்னால் மூன்று வாதங்கள் உள்ளன. நாய்க்கு மனநோய் என்பது வெறுங்கற்பனை என்பது முதலாவது. நாய்க்குப் பகற் காப்பகம் தேடுவது கொழும்பு மேற்றட்டினரின் பொழுதுபோக்கு என்பது இரண்டாவது. மனிதனுக்கே வழியில்லாத இடத்தில் நாயைப் பற்றிப் பேசுவது மனிதனை அவமதிப்பதாகும் என்பது மூன்றாவது. முதலாவது அறியாமையின் வாதம். இரண்டாவது அரை உண்மையின் வாதம். மூன்றாவதோ மனிதாபிமானத்தின் உடையணிந்து வருவது. எனவே அதுவே கூடிய கவனத்துடன் மறுக்கப்பட வேண்டியது. இம்மூன்றையும் வரிசையாக நோக்குவதே முறையாகும்.

விவாதத்திற்குரிய களம் பசறை. பதுளையிலிருந்து கிழக்கே செல்லும் நெடுஞ்சாலை பசறையைக் கடந்து லுணுகலை, பிபிலை நோக்கி இறங்குகிறது. ஒருபுறம் நமுனுகுலை மலை. மறுபுறம் மடுல்சீமைத் தொடர். இடைப்பட்ட சரிவெங்கும் தேயிலை. தேயிலைக்கு நடுவே லயங்கள். இங்குள்ள எந்தத் தோட்டத்திலும் காலை வேளையிற் காணத்தக்க காட்சி ஒன்றுண்டு. பிரட்டுக்கு நேரமாகிறது. வீட்டுப் பெண் அடுப்பை அணைத்து, படங்கை இடுப்பிற் சுற்றுகிறாள். அவள் கூடையைத் தொடுவதற்கு முன்னரே, படங்கை எடுத்த அக்கணத்திலேயே, இஸ்தோப்பிற் படுத்திருந்த நாய் எழுந்துவிடுகிறது. அவள் காலைச் சுற்றுகிறது, முனகுகிறது, வைத்த சோற்றை முகர்ந்தும் பாராது வாசலை மறித்து நிற்கிறது. அவள் அதைத் தூணிற் கட்டி, காம்பராவைப் பூட்டி, மலைக்கு ஏறுகிறாள். அவள் தலை வளைவில் மறையுமுன் ஊளை தொடங்குகிறது. மதியம் கொழுந்து நிறுத்துவிட்டு அவள் திரும்பி வரும்போது கயிறு கடித்துக் குதறப்பட்டிருக்கும். கதவின் அடிப்பலகை சுரண்டப்பட்டிருக்கும். நாயின் கால் நகத்தில் இரத்தம் கசிந்திருக்கும். பக்கத்துக் காம்பராவில் இரவு வேலை முடித்து உறங்க முயன்றவன் ஏசுவான். அவளும் களைப்பின் கோபத்தில் நாயை அடிப்பாள். மறுநாட் காலை ஊளை இன்னும் உரத்துக் கேட்கும்.

கற்பனையா, நோயா?

இந்நிலைக்குப் பெயருண்டு. உளவியலாளர் இதனைப் பிரிவுப் பதகளிப்பு என்பர். குழந்தை தாயைப் பிரியும்போது கொள்ளும் துயரை ஆராய்ந்தவருள் முதன்மையானவர் ஆங்கிலேய உளமருத்துவர் ஜோன் பௌல்பி ஆவார். தாய்மைப் பராமரிப்பும் உளநலமும் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்கு அவர் 1951இல் அளித்த அறிக்கை, சோறும் துணியும் மட்டும் குழந்தையை வளர்த்துவிடா. நிலையானதோர் உறவும் வேண்டும் என நிறுவியது. அவர் வழி நின்ற மேரி எய்ன்ஸ்வேர்த், அந்நியமானதோர் அறையில் தாய் வெளியேறும்போதும் திரும்பும்போதும் குழந்தை நடந்துகொள்ளும் முறையை அளவிடும் சோதனையொன்றை வகுத்தார். அதே சோதனையை 1998இல் புடாபெஸ்ட் நகரத்து ஆய்வாளர் ஜோசப் தொப்பாலும் அவரது குழுவினரும் 51 நாய்களிடத்தும் அவற்றின் உடைமையாளரிடத்தும் நடத்திப் பார்த்தனர். நாய் தன் மனிதரிடத்துக் கொள்ளும் பற்று, குழந்தை தாயிடத்துக் கொள்ளும் பற்றினை ஒத்த அமைப்புடையது என்பதே அவர்கள் கண்ட முடிவு.

மருத்துவமும் இதனை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1998இல் குளோமிப்பிரமின் என்னும் மருந்தையும், 2007இல் புளுவொக்செற்றின் என்னும் மருந்தையும் நாய்களின் பிரிவுப் பதகளிப்புக்கென அங்கீகரித்தது. எனினும் அம்மருந்துகள் தனித்து வழங்கப்படுவதற்கு உரியனவல்ல. பழக்கப் பயிற்சியோடு சேர்த்தே வழங்கப்பட வேண்டியவை.

அப்பயிற்சியின் இயல்பு இங்கு விளக்கப்படுதல் அவசியம். பகற் காப்பின் தேவை அதிலிருந்தே பிறக்கிறது. நாயைத் தனிமைக்குச் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். முதலிற் சில விநாடிகள். பின்னர் ஒரு நிமிடம். பின்னர் ஐந்து நிமிடம். படங்கைச் சுற்றியும் வெளியே செல்லாதிருத்தல், கூடையை எடுத்து மீண்டும் வைத்தல் போன்ற சிறு செயல்களால், புறப்பாட்டின் அறிகுறிகளுக்கும் அச்சத்துக்கும் உள்ள தொடர்பை அறுக்க வேண்டும். நாய் தாங்கக்கூடிய அளவைத் தாண்டி அதனைத் தனியே விடலாகாது என்பதே இதன் அடிப்படை விதி. காலையில் ஐந்து நிமிடம் பழக்கிவிட்டுப் பின்னர் நான்கு மணித்தியாலம் கட்டிப்போட்டால் பழக்கியது அனைத்தும் பாழாகும். ஆகவே, பயிற்சி நடைபெறும் வாரங்களில், சில வேளை மாதங்களில், நாயின் பக்கத்தில் யாரேனும் ஒருவர் இருந்தாக வேண்டும். பகற் காப்பு என்பது இங்கு ஆடம்பரமன்று. சிகிச்சையின் பாதி அதுவே. மற்றப் பாதியை மட்டும் வழங்கி நோய் தீரவில்லை என்பது, காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து மழையில் நிறுத்துவதை ஒக்கும்.

கதவைச் சுரண்டிய நாய் வஞ்சம் தீர்ப்பதாகவே பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. அழிவு பெரும்பாலும் வீட்டார் சென்ற முதல் அரை மணித்தியாலத்துக்குள் தொடங்குவது. வெளியேறும் வழியாகிய கதவையும் சாளரத்தையுமே நாடுவது. அது வஞ்சமன்று, பீதி. மாலையில் விழும் அடிக்கும் காலையிற் கிழித்த கயிற்றுக்கும் உள்ள தொடர்பை நாய் அறியாது. வீட்டார் திரும்புவதும் அஞ்சத்தக்கது என்பதை மாத்திரமே அது கற்றுக்கொள்கிறது.

லயத்து நாய் வீட்டு நாயாகிய வரலாறு

தோட்டத்தில் நூற்றாண்டுக்கு மேலாக நாய்கள் வாழ்கின்றன. அப்போதெல்லாம் இல்லாத நோய் இப்போது எங்கிருந்து வந்தது எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. விடை தோட்டத்தின் சமூக அமைப்பில் இருக்கிறது.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் நிரையாக அமைந்த காம்பராக்களின் தொகுதி. மனிதன் வாழத் தகுதியற்ற நெரிசல் அதன் இலக்கணம். அதைப் புகழ்தல் எவருக்கும் தகாது. ஆயினும் அந்நெரிசலில் எவரும் தனித்திருந்ததில்லை, நாயும் தனித்திருந்ததில்லை. அது ஒரு காம்பராவின் நாய் அன்று, லயத்தின் நாய். ஒரு வீட்டிற் கஞ்சியும் மறு வீட்டில் ரொட்டித் துண்டும் உண்டது. பகலில் ஒரு முதியவரின் காலடியிற் படுத்தது. அல்லது கொழுந்து பறிப்போர் பின்னால் மலைக்கு ஏறித் தேயிலை நிழலிற் கிடந்தது. அதற்குக் கயிறில்லை.

இந்நிலை பல வழிகளில் மாறிற்று. இளைஞர் கொழும்புக்குக் கடைச் சிப்பந்திகளாகவும் கட்டடத் தொழிலாளராகவும் சென்றனர். பெண்கள் பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் சென்றனர். ஐவர் வாழ்ந்த காம்பராவில் இருவர் எஞ்சினர். இருவரும் மலைக்குப் போனால் காம்பரா பூட்டப்படுகிறது. இன்னொரு புறம், லயத்தை விட்டு ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்னும் நெடுங்காலக் கோரிக்கை சிறிது சிறிதாக நிறைவேறத் தொடங்கிற்று. இந்திய அரசின் உதவியுடன் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் மலையகத்தில் நடைமுறைக்கு வந்தது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வீட்டுரிமை வரவேற்கத்தக்கது, தேவைக்கு அது இன்னும் எட்டாதது. ஆனால் தனி வீட்டுடன் வேலியும் வந்தது. வேலியுடன் கயிறும் வந்தது. நாய் லயத்தின் பொதுவுடைமையாக இருந்த காலம் போய், ஒரு குடும்பத்தின் தனியுடைமையாயிற்று. உறவு ஒன்றாகச் சுருங்கிய இடத்தில், அந்த ஒன்று பிரியும்போது எஞ்சுவது ஏதுமில்லை. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பது பழமொழி. தோட்டத்து நாயைப் பொறுத்தவரை அப்பழமொழியின் பிற்பாதி பொய்த்துவிட்டது. நிற்பதற்கு அதற்கு இன்று நாள் முழுவதும் இருக்கிறது.

கட்டப்பட்ட நாய்க்குப் பிறிதோர் ஆபத்தும் உண்டு. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நாயைத் தேடிச் சிறுத்தை வருவது புதுமையன்று. அவிழ்ந்த நாய் ஓடித் தப்பலாம். ஊளையிட்டுத் தன் இருப்பிடத்தைத் தானே அறிவித்துக்கொண்டு கயிற்றில் நிற்கும் நாய் எங்கே ஓடும்?

எவருக்கு மலிவு?

இனி இரண்டாவது வாதம். கொழும்பிலும் அதன் புறநகர்களிலும் கட்டணம் பெற்று நாய்களைப் பகலிற் பராமரிக்கும் இல்லங்கள் தோன்றியுள்ளன என்பது உண்மையே. மேல்நாடுகளில் இது பெருந் தொழிலாக வளர்ந்துள்ளது என்பதும் உண்மை. அத்தகைய இல்லமொன்று பசறை நகரில் திறக்கப்படுமாயின் அதனால் தோட்டத் தொழிலாளிக்குப் பயனுண்டா? கணக்கிட்டுப் பார்க்கலாம். 2021 மார்ச்சில் ஆயிரம் ரூபாயாக்கப்பட்ட நாட்சம்பளம், நெடிய இழுபறிக்கும் நீதிமன்ற வழக்குக்கும் பின்னர், 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் 1,350 ரூபாயாக அறிவிக்கப்பட்டது. அவ்வீதத்தில் இருபது நாட் பேர் விழுந்தால் மாதம் 27,000 ரூபாய். காப்பகம் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் கேட்பதாக வைத்துக்கொண்டாலும் இருபது நாளைக்கு 20,000 ரூபாய் அங்கே போய்விடும். எஞ்சும் 7,000 ரூபாயில் அரிசியும் மாவும் பிள்ளைகளின் பாடசாலைச் செலவும் அடங்கா. ஆகவே நகரத்துக் காப்பகம் தோட்டத்துக்குத் தீர்வன்று. இம்மட்டில் இரண்டாவது வாதக்காரர் கூறுவது சரி.

ஆனால், பணக்காரர் ஒன்றை விலை கொடுத்து வாங்குகின்றனர் என்பதால் அதன் தேவை பணக்காரருக்கு மட்டும் உரியதாகிவிடாது. கண்ணாடி அணிவது ஒரு காலத்திற் செல்வர் செயலாயிருந்தது. அதனால் ஏழையின் கண் மங்கவில்லை என்றாகுமா? மேலும், நகரத்துக் காப்பகத்தின் கட்டணம் எதற்குச் செல்கிறது என்பதை ஆராய்தல் வேண்டும். நிலத்துக்கும் கட்டடத்துக்கும் வாகனத்துக்கும் விளம்பரத்துக்கும் செல்கிறது. இவற்றில் ஒன்றேனும் நாய்க்கு வேண்டியதன்று. பிரிவுப் பதகளிப்புற்ற நாய்க்கு வேண்டியது அறிந்த மனிதர் ஒருவர், அவ்வளவே. பல நாய்களை ஒரு மண்டபத்தில் அடைப்பது அச்சமுற்ற நாயின் அச்சத்தைப் பெருக்கவும் கூடும். தோட்டத்தில் எது அரிதோ அது நாய்க்குத் தேவையில்லை. நாய்க்கு எது தேவையோ அது தோட்டத்தில் அரிதன்று.

வரலாறும் இங்கு ஒரு பாடம் சொல்கிறது. நாய்க்குப் பகற் காப்பு என்பது கீழைத்தேயங்களில் நேற்று வந்த புதுமையன்று. ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில் நாய்களைப் பராமரிப்பதற்கென்றே டோரியா எனப்பட்ட பணியாளர் இருந்தனர். இலங்கை மலைநாட்டில் 1848இற் குடியேறிய சாமுவேல் பேக்கர், நுவரெலியாவில் வேட்டை நாய்க் கூட்டமொன்றையே வளர்த்தார்; அவரது வேட்டை நூலின் தலைப்பிலேயே துப்பாக்கிக்கு அடுத்து நாய் இடம்பெறுகிறது. வெள்ளையரின் நாய் தனித்திருக்கவில்லை. அதைக் குளிப்பாட்டவும் உணவூட்டவும் உலாத்தவும் ஆசியனின் கை இருந்தது. நாய்க்குக் காப்பு அளித்தல் நகைப்புக்கு இடமானது என்றால், அந்த நூறாண்டுகளில் எவரும் நகைத்திருக்க வேண்டும். எவரும் நகைக்கவில்லை. அதே காப்பு தொழிலாளியின் நாய்க்கும் வேண்டும் என்னும்போதுதான் நகைப்பு வருகிறது. நகைக்கப்படுவது நாயா, தொழிலாளியா என்பதை நகைப்போர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மனிதனுக்கே வழியில்லை என்னும் வாதம்

மூன்றாவது வாதமே வலியது. கல்வியிலும் சுகாதாரத்திலும் வீட்டிலும் பின்தள்ளப்பட்ட ஒரு சமுதாயத்தில், 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964 ஒக்டோபர் ஒப்பந்தத்தின் பேரில் இலட்சக்கணக்கில் நாடு கடத்தப்பட்ட மக்களிடையே, நாயின் துயரைப் பேசுவது பொருந்துமா என்பர்.

இவ்வாதத்தின் பிழை, மனிதனின் தேவையும் நாயின் தேவையும் ஒன்றையொன்று உண்ணும் என எண்ணுவதே. தோட்டத்தின் ஒரு வேலை நாளை எடுத்து நோக்குக. அதே காலையில், அதே பிரட்டுக்காக, தாய் தன் கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவிடம் விட்டுச் செல்கிறாள். அங்கும் ஓர் அழுகை எழுகிறது. குழந்தையின் அழுகையும் நாயின் ஊளையும் ஒரே மணியால் எழுப்பப்படுபவை. இரண்டுக்கும் காரணம், வீட்டிலிருப்போர் அனைவரையும் ஒரே நேரத்தில் மலைக்கு இழுக்கும் வேலை முறையும், ஒருவர் வீட்டில் நின்றால் அடுப்பு எரியாத சம்பளமுமே. காரணம் ஒன்றாயிருக்கும்போது துயர்களை எதிரெதிரே நிறுத்துவது, காரணத்தைத் தப்பவிடுவதற்கே உதவும்.

பிள்ளைக் காம்பராவின் கதை இவ்விவாதத்துக்கு மிகவும் வேண்டியது. அது எவருடைய கருணையினாலும் பிறந்ததன்று. கொழுந்து பறிக்கப் பெண்ணின் விரல் வேண்டியிருந்தது. குழந்தை முதுகிலிருந்தால் கூடை அங்கிருக்க முடியாது. ஆகவே குழந்தையை இறக்கிவைக்க ஓர் இடம் தோட்டத்துக்கே தேவையாயிற்று. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் பாலூட்டும் இடைவேளையையும் பிள்ளைப் பராமரிப்பிடத்தையும் தாய்மாரின் உரிமையாக்கின. தோட்டங்கள் 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் அரசுடைமையாகி, 1992இல் பிராந்தியக் கம்பெனிகளின் முகாமைக்கு மாறிய பின்னர், பிள்ளைக் காம்பரா சிறுவர் அபிவிருத்தி நிலையம் எனப் பெயர் பெற்று, பயிற்றப்பட்ட உத்தியோகத்தரையும் பெற்றது. அதன் குறைகள் பல. எனினும் அங்கே ஒரு கோட்பாடு நிறுவப்பட்டுள்ளது: தொழிலாளி மலையில் நிற்கும் நேரத்தில் வீட்டில் விடப்பட்ட உயிருக்குக் காப்பு வேண்டும், அக்காப்பு தனி ஒருத்தியின் தலைச்சுமையன்று, கூட்டுப் பொறுப்பு. நாய்க்காகக் கோரப்படுவது, இக்கோட்பாட்டினை இன்னும் ஓரடி நகர்த்துவதே. குழந்தையின் இடத்தில் நாயை வைப்பதன்று; குழந்தையின் பங்கிலிருந்து ஒரு பிடி சோற்றையும் எடுப்பதன்று.

மேலும், நாயைக் கவனியாது விடுவதன் விலையை இறுதியிற் செலுத்துபவன் மனிதனே. ஊளையைப் பொறாத அயலாருக்கும் வீட்டாருக்கும் பகை மூள்கிறது. சில நாய்கள் நஞ்சூட்டப்படுகின்றன. சில, சாக்கிலிடப்பட்டு வேறு தோட்டத்து எல்லையிலோ சந்தைத் திடலிலோ விடப்படுகின்றன. அங்கே அவை தடுப்பூசியற்ற தெருநாய்க் கூட்டத்தைப் பெருக்குகின்றன. விசர்நாய்க்கடியால் 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் ஆண்டொன்றுக்கு முந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அத்தொகை பிற்காலத்திற் சில பத்துகளாகக் குறைந்தது. அதைக் குறைத்தது நாய்க்குத் தடுப்பூசி ஏற்றியதும், கடியுண்டவருக்கு ஊசி கிடைத்ததுமே. 1893ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டமும் நாயைப் பிடித்துக் கொல்லும் வழியைக் காட்டின. 2006இல் அரசு கொல்லாமைக் கொள்கையை ஏற்றுக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் திரும்பிற்று. நாய்க்கு வீடும் பெயரும் இருக்கும்வரையே அவ்வழி பயன் தரும். கைவிடப்பட்ட ஒவ்வொரு நாயும் அத்திட்டத்தில் ஏற்பட்ட ஓர் ஓட்டையாகும்.

சட்டத்தை நம்பியிருத்தலும் இயலாது. 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டம் விதித்த உச்சத் தண்டம் நூறு ரூபாய். அதற்குப் பதிலாகச் சட்ட ஆணைக்குழு 2006இல் விலங்கு நலச் சட்டமூலமொன்றை வரைந்தது; அதன் பின்னரும் பல ஆண்டுகள் அது வரைவாகவே கிடந்தது. சுவீடன் போன்ற நாட்டில் நாயைப் பகலிற் குறைந்தது ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையேனும் வெளியே விடவேண்டும் என்பது விதி. அவ்விதியைப் பசறைக்கு அப்படியே கொணர்ந்தால் தண்டம் கட்டுபவள் கொழுந்து பறிப்பவளாகவே இருப்பாள். தண்டனைக்கு முன் வசதி வரவேண்டும்.

செய்யத்தக்கவை

அவ்வசதி யாது? முதலாவதாக, எல்லா நாய்களுக்கும் காப்பு வேண்டியதில்லை என்பதை உணர வேண்டும். பெரும்பாலானவற்றுக்குக் கயிற்றை அவிழ்த்து, வேலிக்குள் உலாவ விட்டு, மதிய வேளையில் ஒரு தடவை முகம் காட்டினாற் போதும். வீட்டார் சென்ற அரை மணித்தியாலத்தில் நாய் என்ன செய்கிறது என்பதைப் பக்கத்து வீட்டார் கவனித்துச் சொன்னாலே, பீதியுறும் சிலவற்றைப் பிரித்தறிந்துவிடலாம்.

அச்சிலவற்றுக்குப் புதிய கட்டடம் தேவையில்லை. ஒவ்வொரு லயத்திலும் பேர் நின்றுபோன முதியோர் உள்ளனர். அரசாங்க ஊழியரைப் போல அவர்களுக்கு மாத ஓய்வூதியம் இல்லை. ஊழியர் சேமலாப நிதி ஒரே தொகையாக வந்து, ஒரு கலியாணத்திலோ ஒரு கடனிலோ கரைந்துவிடுகிறது. பிள்ளைகள் கொழும்பில், பகலெல்லாம் இஸ்தோப்பில் தனிமை. மூன்று நாய்கள் பகலில் ஒரு முதியவளின் இஸ்தோப்பிற் கிடக்கட்டும். நாயொன்றுக்கு நாள் ஒன்றுக்கு நூறு ரூபாய் என்றால், இருபது நாளைக்கு வீடொன்று தருவது 2,000 ரூபாய். முதியவள் பெறுவது 6,000 ரூபாய். முன் கூறிய 20,000 ரூபாயுடன் இதை ஒப்பிடுக.

இங்கு ஒரு மறுப்பு எழும், எழவும் வேண்டும். காப்பு மலிவானது என்றால், காப்பவளின் உழைப்பு மலிவானது என்றுதானே பொருள்? பிள்ளைக் காம்பரா ஆயம்மாவின் உழைப்பை அற்பமாக மதித்த தோட்டத்தின் பழைய பிழையை, இப்போது தொழிலாளரே செய்ய வேண்டுமா? இம்மறுப்புக்கு முழுமையான விடை இல்லை என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை. ஆயினும் மூன்று நிபந்தனைகள் அப்பிழையைக் கட்டுப்படுத்தும். காப்பு, பிரட்டிலிருந்து வேலை முடியும்வரைக்குரியது என நேரம் வரையறுக்கப்பட வேண்டும். மூன்று நாய்களுக்கு மேல் ஒருவரிடம் விடலாகாது. கட்டணத்தை வீட்டார் மட்டும் சுமவாது, தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கமும் ஒரு பகுதியைச் சுமக்க வேண்டும். தோட்டத்து மரண உதவிச் சங்கங்கள் சிறு சந்தாவைச் சேர்த்து, இறந்தவனை மானத்துடன் அடக்கம் செய்யும் பெருங்காரியத்தை ஆற்றிவருகின்றன. கூடிச் செலுத்தினால் எவருக்கும் சுமையாகாது என்பதைத் தோட்டத்துக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. காசில்லாதவர் விறகாகவும் தண்ணீராகவும் கைமாறு செய்யும் வழக்கமும் அங்கு உண்டு.

கம்பெனியிடம் இதனைக் கேட்பது வீண். பிள்ளைக் காம்பரா கட்டப்பட்டது, அது தோட்டத்துக்குக் கொழுந்து தந்தமையால். நாயின் அமைதி கொழுந்து தராது. ஆகவே துரைமார் அதற்குக் கூரை போடார். தொழிலாளரின் சொந்த அமைப்புகளே இதனைத் தொடங்க வேண்டும். நாய் விடப்படுமுன் விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றப்பட்டிருக்க வேண்டும் என்பது விதியாகட்டும். அத்தடுப்பூசியை அரசு இலவசமாகவே வழங்குகிறது. பெட்டை நாய்களுக்குக் கருத்தடையும் அவ்வாறே.

பல்கலைக்கழகத்துக்கும் இதிற் பங்குண்டு. பேராதனையில் மிருக வைத்திய பீடம் இருக்கிறது. பதுளை நகரிலேயே 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் விலங்கு விஞ்ஞானம் கற்பிக்கப்படுகிறது. அங்கிருந்து பசறை எட்டாத தூரமன்று. அங்கு கற்போர் ஒரு விடுமுறையைத் தோட்டத்திற் கழித்து, எந்த நாய் பீதியுறுகிறது, எந்த நாய் வெறுமனே சலிப்புறுகிறது என்பதை முதியோருக்குக் காட்டிக்கொடுக்கலாம். படங்கும் கூடையும் கொண்டு செய்யும் பயிற்சியைப் பேச்சுத் தமிழில் எழுதி அச்சிடலாம். உளவியலும் சமூகவியலும் கற்போர், லயத்திலிருந்து தனி வீட்டுக்குச் சென்ற குடும்பங்களிற் பகலில் தனித்திருப்போர் யார், முதியவரா, குழந்தையா, நாயா என்பதை ஆராயலாம். மூவருக்கும் ஒரே விடை கிடைப்பினும் வியப்பில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று இப்பீடங்களிலேயே கற்கின்றனர். ஊருக்குத் திரும்பும்போது அவர்களை முதலில் அடையாளம் கண்டு வாலாட்டுவது எது என்பதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

விண்ணுலகின் வாயிலில், உடன் வந்த நாயை விட்டுவிட்டு உள்ளே வரலாம் எனக் கூறப்பட்டபோது தருமன் மறுத்தான் என்பது பாரதக் கதை. அக்கதையைக் கேட்டு வளர்ந்த சமுதாயத்துக்கு நாயின் துயர் அந்நியமானதாக இருக்க முடியாது. தருமனிடம் எவரும் நாட்சம்பளம் கேட்கவில்லை. பிரட்டுக்கு நேரமாயிற்று என்று எவரும் அவனை அதட்டவில்லை. ஆகவே அவனால் வாயிலில் நிற்க முடிந்தது. பசறைத் தோட்டத்துப் பெண்ணுக்கு நிற்க நேரமில்லை, நின்றால் அரைப்பேர். அவள் நாயை அன்பின்மையாற் கட்டிவிட்டுப் போகவில்லை. வேறு வழியின்மையாலேயே கட்டிவிட்டுப் போகிறாள். அவ்வழியை அமைத்துத் தருவதற்கு ஓர் இஸ்தோப்பும், ஒரு முதியவளும், சில நூறு ரூபாய்ச் சந்தாவுமே வேண்டியுள்ளன. இவ்வளவு சிறியதொன்றைக் கேட்பதற்கும் நகைப்பே விடையாயின், நகைப்பவர் கற்ற கல்வியில் ஏதோ பெரும் குறை இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.